பசி குறைந்தது குணமா, கேடா?

கேள்வி: எங்கள் வீட்டுப் பூனைக்கு 12 வயது. ஓயாமல் தின்றும் எலும்பும் தோலுமாக இளைத்தது. இரவெல்லாம் கத்திக்கொண்டே வீட்டைச் சுற்றி வந்தது. தைராய்டு சுரப்பு மிகுதி என்று ரத்தப் பரிசோதனையில் தெரிந்து, மெத்திமசோல் மாத்திரையைக் காலையும் மாலையும் கொடுத்து வருகிறோம். மூன்று வாரம் ஆகிறது. இப்போது முன்போலத் தின்பதில்லை. திண்ணையிலேயே படுத்துத் தூங்குகிறது. இது குணமா, மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லையா?
— ஒரு வாசகி, கோபிசெட்டிபாளையம்

பதில்: இரண்டில் எதுவாகவும் இருக்கலாம், அம்மா. சுரப்பு மிகும்போது உடல் தன் தசையையே எரித்துத் தீர்ப்பதால் எழுந்த அகோரப் பசி, மாத்திரையால் அடங்கியிருக்கலாம். அல்லது மாத்திரையே குமட்டலை உண்டாக்கியிருக்கலாம். வீட்டில் இருந்தபடி இதைப் பிரித்துச் சொல்வது எடைதான். குறைவாகத் தின்றும் எடை ஏறினால் நல்லது. தீனியும் குறைந்து எடையும் இறங்கினால் மருத்துவரிடம் சொல்லியாக வேண்டும்.

பூனையைத் தூக்கிக்கொண்டு எடை மெஷினில் ஏறி, பின்பு உங்கள் எடையைக் கழிப்பது போதாது. அதில் 100 கிராம் தவறினாலும், மூன்று கிலோப் பூனைக்கு அது 60 கிலோ ஆளுக்கு 2 கிலோ தவறியது போலாகும். உங்கள் ஊர்ப் பக்கம் பட்டுக்கூடு நிறுக்கும் மின்தராசு யார் வீட்டிலாவது இருக்கும். வாரம் ஒரு நாள், காலைத் தீனிக்கு முன், ஒரே கூடையில் வைத்து நிறுத்து, நாட்காட்டித் தாளிலேயே குறித்து வாருங்கள்.

அடுத்தது சிறுநீரகம். சுரப்பு மிகுதியால் சிறுநீரகத்திற்கு ரத்தம் கூடுதலாகப் பாய்வதால், அதன் பலவீனம் வெளியே தெரியாமல் மறைந்திருக்கும். மாத்திரை வேலை செய்யத் தொடங்கியதும் அது தலைகாட்டும். ஆகவே, மாத்திரை தொடங்கிய இரண்டு முதல் நான்கு வாரத்துக்குள் தைராய்டு அளவோடு, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் என்ற ரத்த அளவையும் பார்க்க வேண்டும். உங்களுக்கு அந்தக் காலம் வந்துவிட்டது. தைராய்டு அளவு தேவைக்கும் கீழே இறங்கினாலும் பூனை சோர்ந்து தூங்கும், அது சிறுநீரகத்துக்கும் நல்லதல்ல என்பதால், தூக்கத்தைக் கண்டு மட்டும் நிம்மதி அடைய வேண்டாம். சிறுநீரகம் தளர்ந்தால் பூனை கூடுதலாகத் தண்ணீர் குடிக்கும்; ஆகவே தண்ணீரை அளந்து ஊற்றி, மறுநாள் மிச்சத்தை அளந்து பாருங்கள். உள்ளூரில் பரிசோதனை வசதி இல்லையென்றால் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் விசாரிக்கலாம்.

இந்த நோய் இதயத்தையும் களைக்க வைப்பதால், பூனை அயர்ந்து தூங்கும்போது விலா ஏறி இறங்குவதை ஒன்றாகக் கணக்கிட்டு, ஒரு நிமிடம் எண்ணுங்கள். திரும்பத் திரும்ப 30-க்கு மேல் வந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். வெயிலிலும் கண்மணி விரிந்தே இருந்து, பூனை சுவரில் முட்டினால் அது ரத்த அழுத்தத்தால் பார்வை போவதன் அறிகுறி. அன்றே கொண்டு போக வேண்டும்.

மாத்திரையின் தீய விளைவுகள் பெரும்பாலும் முதல் மூன்று மாதத்தில்தான் வரும். முகத்தையும் கழுத்தையும் புண்ணாகும்படி பிறாண்டினாலோ, ஈறு மஞ்சளித்தாலோ, ரத்தம் கசிந்தாலோ மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே மருத்துவரைப் பாருங்கள். வெறும் வாந்தி என்றால் போனில் கேளுங்கள். அளவைக் குறைத்தாலே பலவற்றுக்குச் சரியாகிவிடும். "நன்றாகத்தான் இருக்கிறதே" என்று நீங்களாக நிறுத்த வேண்டாம். இது நோயை அடக்கி வைக்கும் மருந்து, நிறுத்திய இரண்டு மூன்று நாளில் சுரப்பு மறுபடி ஏறிவிடும்.

மாத்திரையைப் பொடிக்காதீர்கள், வீட்டில் கர்ப்பிணி இருந்தால் அவர் அதைத் தொடவே வேண்டாம். கருவாட்டில் பொதிந்து கொடுக்கும் வழக்கம் நம் பக்கம் உண்டு, ஆனால் அந்த உப்பு இந்தப் பூனைக்கு ஆகாது; உப்பில்லாமல் வேகவைத்த மத்தித் துண்டு போதும். தின்று முடித்த பின் திண்ணையின் மூலையையும் ஒருமுறை பாருங்கள்: மீனை மட்டும் தின்றுவிட்டு, மாத்திரையை அங்கே துப்பி வைத்திருக்கும்.