ஓய்வூதியச் சுமை யார் தோளில்?

கேள்வி: நான் 1988-இல் பணியில் சேர்ந்து ஓய்வுபெற்ற அரசுப் பள்ளி ஆசிரியர். புதிதாகச் சேர்ந்தவர்களுக்கும் பழைய ஓய்வூதியத் திட்டமே வேண்டும் என்று நான் சொன்னால், தனியார் நிறுவனத்தில் வேலை பார்க்கும் என் மகன், "உங்களுக்காக எங்கள் தலைமுறை வரி கட்டிக்கொண்டே இருக்க வேண்டுமா?" என்று கேட்கிறான். அவன் கேட்பது நியாயமா?
(ஓய்வுபெற்ற ஆசிரியர், திண்டுக்கல்)

பதில்: உங்கள் ஓய்வூதியத்தைப் பற்றி உங்கள் மகன் அப்படிக் கேட்பது நியாயமன்று. ஓய்வூதியம் அரசு மனமிரங்கித் தரும் கொடையன்று, உழைத்தவரின் உரிமை என்று உச்ச நீதிமன்றம் 1982-இல் நகரா வழக்கில் தெளிவாகத் தீர்ப்பளித்திருக்கிறது. பணிக்காலத்தில் ஈட்டியதையே நீங்கள் இப்போது பெறுகிறீர்கள்.

ஆனால், புதியவர்களுக்கும் அதே திட்டம் வேண்டும் என்னும்போது அவருடைய கேள்விக்கு வலு வந்துவிடுகிறது. பழைய திட்டத்தில் ஓய்வூதியத்துக்கென்று தனி நிதி சேர்த்து வைக்கப்படுவதில்லை. கடைசி ஊதியத்தில் பாதியும் அகவிலைப்படியும் அந்தந்த ஆண்டின் வரி வருவாயிலிருந்தே வழங்கப்படுகின்றன. தமிழ்நாட்டில் 2003 ஏப்ரல் முதலும், மத்திய அரசில் 2004 ஜனவரி முதலும் சேர்ந்தவர்கள் மாதந்தோறும் ஊதியத்தில் பத்து விழுக்காட்டைத் தங்கள் பங்காகச் செலுத்த, அரசும் தன் பங்கைச் சேர்க்கும் முறைக்கு வந்தார்கள். ராஜஸ்தான், சத்தீஸ்கர், பஞ்சாப் உள்ளிட்ட சில மாநிலங்கள் 2022 முதல் பழைய திட்டத்துக்குத் திரும்புவதாக அறிவித்தபோது, அரசின் பங்கை ஆண்டுதோறும் செலுத்தத் தேவையில்லாததால் அப்போதைய ஆட்சிகளுக்கு உடனடியாகச் செலவு குறைந்தது. 2004 முதல், தங்கள் இருபது வயதுகளில் பணியில் சேர்ந்த அந்த ஊழியர்களில் பெரும்பாலோர் 2034-க்குப் பிறகுதான் ஓய்வுபெறுவார்கள். முழுச்செலவும் அப்போதுதான் வந்து சேரும். அதைக் கட்டப்போகிறவர்கள் இன்று பள்ளியில் படிக்கும், வாக்குரிமை இல்லாத பிள்ளைகள். இந்தச் சேமிப்பு நீடிக்காது, நிதி ஒதுக்கப்படாத பொறுப்புகள்தாம் குவியும் என்று ரிசர்வ் வங்கியும் 2023 ஜனவரியில் எச்சரித்தது.

அதற்காக, ஓய்வூதியப் பணத்தைச் சந்தையில் முதலீடு செய்துவிட்டு, அதன் ஏற்ற இறக்கத்தின் முழு ஆபத்தையும் தனியொரு ஊழியரின் தலையில் கட்டுவதும் சரியாகாது. மத்திய அரசு 2025 ஏப்ரலில் கொண்டுவந்த ஒருங்கிணைந்த ஓய்வூதியத் திட்டத்தில், 25 ஆண்டுகள் பணியாற்றியவருக்குக் கடைசி 12 மாத அடிப்படை ஊதியச் சராசரியில் பாதி உறுதியளிக்கப்படுகிறது. ஊழியர் பத்து விழுக்காடும் அரசு பதினெட்டரை விழுக்காடும் பணிக்காலத்திலேயே செலுத்துகின்றன. வாக்குறுதி தரும் தலைமுறையே அதற்கான பணத்தையும் எடுத்துவைக்கும் இவ்வழியே எனக்கு நேர்மையானதாகத் தோன்றுகிறது.

உங்கள் மகன் இன்னொன்றையும் எண்ணிப் பார்க்க வேண்டும். முதியவர்கள் எல்லோரும் உங்களைப் போல ஓய்வூதியம் பெறுவோர் அல்லர். வயலிலும் கட்டட வேலையிலும் காலம் கழித்த ஏழை முதியவருக்கு, 60 முதல் 79 வயது வரை, முதியோர் ஓய்வூதியத்தில் மத்திய அரசின் பங்கு மாதம் 200 ரூபாய். அது பல ஆண்டுகளாக உயரவே இல்லை.

கேள்வி: தனியார் துறையில் இருக்கும் என் மகனுக்கு என்னதான் கிடைக்கும்?
(அதே வாசகர்)

பதில்: அவர் வருங்கால வைப்பு நிதியின் ஓய்வூதியத் திட்டத்தில் உறுப்பினர் என்றால், எவ்வளவு சம்பளம் வாங்கினாலும் பொதுவாக 2014-இல் நிர்ணயித்த 15,000 ரூபாய் உச்சவரம்பே கணக்கில் கொள்ளப்படும். அந்த வரம்பின்படி 33 ஆண்டுகள் உழைத்தவருக்கு மாதம் ஏறக்குறைய 7,500 ரூபாய் வரும். அதற்கு அகவிலைப்படியும் கிடையாது.