முடக்குவாதத்துக்குச் சைட்டோகைன்கள் (செல்கள் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பச் சுரக்கும் புரதங்கள்) தான் காரணம் என்றால், எல்லாவற்றையும் ஒரேயடியாகத் தடுத்துவிடலாமே?

கூடாது. அப்படிச் செய்து பார்த்திருக்கிறார்கள். டிஎன்எஃப் என்ற சைட்டோகைனைத் தடுக்கும் எட்டனர்செப்ட், ஐஎல்-1 என்ற இன்னொரு சைட்டோகைனைத் தடுக்கும் அனகின்ரா ஆகிய இரண்டு மருந்துகளையும் சேர்த்துக் கொடுத்த ஆய்வின் முடிவு 2004இல் வெளியானது. மூட்டுக்குக் கூடுதல் பலன் இல்லை, கடுமையான தொற்றுகள்தான் கூடின.

எல்லாவற்றையும் தடுக்க வேண்டிய தேவையும் பலருக்கு இல்லை. வீங்கிய மூட்டுச் சவ்வில் சுரக்கும் டிஎன்எஃப்தான் ஐஎல்-1, ஐஎல்-6 ஆகிய மற்ற சைட்டோகைன்களையும் கிளப்பிவிடுகிறது. குருத்தெலும்பைக் கரைக்கும் நொதிகளும் எலும்பை அரிக்கும் செல்களும் அதற்குப் பிறகுதான் முழுவீச்சில் இறங்குகின்றன. சவ்வுச் செல்களில் டிஎன்எஃப்பை மட்டும் தடுத்தாலே ஐஎல்-1 குறைவதை லண்டனில் ஆய்வாளர்கள் ஃபெல்ட்மன், மைனி குழுவினர் கண்டார்கள். அதை நம்பித்தான் 1992இல் நோயாளிகளுக்கு டிஎன்எஃப்பைத் தடுக்கும் இன்ஃப்ளிக்ஸிமாப் கொடுக்கத் தொடங்கினார்கள்.

ஆனால் உடலில் பதுங்கியிருக்கும் காசநோய்க் கிருமியைச் சுற்றிச் செல்கள் எழுப்பிய அரண் சிதையாமல் காப்பதும் இதே டிஎன்எஃப்தான். நம் நாட்டில் இதை லேசாக எடுத்துக்கொள்ளவே முடியாது. டிஎன்எஃப்பைத் தடுக்கும் ஊசி தொடங்கும் முன் மார்பு எக்ஸ்ரே, காசநோய்த் தொற்றைக் கண்டறியும் மாண்டோ தோல் சோதனை அல்லது இக்ரா இரத்தச் சோதனை, கூடவே ஹெபடைட்டிஸ் பி பரிசோதனை கட்டாயம். ஸ்டீராய்டு எடுப்பவருக்கு மாண்டோ பொய்யாக நெகட்டிவ் காட்டலாம், அதனால் எக்ஸ்ரேயையும் காசநோயாளிகளுடன் இருந்த பழைய தொடர்புகளையும் சேர்த்தே பார்க்க வேண்டும். நோயாக வெளிப்படாத காசநோய்த் தொற்று இருந்தால் ஐசோனியாசிட் என்ற காசநோய் மருந்து, கிலோவுக்கு 5 மி.கி. கணக்கில், நாளுக்கு அதிகபட்சம் 300 மி.கி. வழக்கமாக ஒரு மாதமாவது அது உள்ளே போன பிறகே ஊசி. முடக்குவாதத்துக்குத் தரும் மெத்தோட்ரெக்சேட்டும் ஓடுகிறது என்றால் கல்லீரல் நொதிகளை அடிக்கடி பார்க்க வேண்டும். அதற்காக மெத்தோட்ரெக்சேட்டை நீங்களாகவே நிறுத்தாதீர்கள். டிஎன்எஃப்பைத் தடுக்கும் அடாலிமுமாப் போன்ற ஊசிக்கு எதிராக உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருளை அது குறைக்கிறது. நன்றாக வேலை செய்த ஊசி சில மாதங்களில் பலிக்காமல் போவதற்கு அந்த எதிர்ப்பொருள் ஒரு முக்கியக் காரணம்.

நோய்க்கு நோய் கணக்கு மாறும் என்பதையும் சொல்ல வேண்டும். டிஎன்எஃப் தடுப்பு, மூளை, தண்டுவட நரம்புகளைத் தாக்கும் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸை மோசமாக்கும். ஐஎல்-17 என்ற சைட்டோகைனைத் தடுக்கும் செக்குகினுமாப் சொரியாசிஸுக்கு அருமையான மருந்து, குடலைத் தாக்கும் குரோன் நோய்க்கோ ஆகாது.

ஐஎல்-6 வழியை அடைக்கும் டோசிலிசுமாப் போடுபவர்கள் இன்னொன்றையும் கவனியுங்கள். அழற்சியைக் காட்டும் இரத்தப் புரதமான சிஆர்பியைக் கல்லீரல் தயாரிப்பது பெரும்பாலும் ஐஎல்-6 தூண்டித்தான். ஆகவே நிமோனியாவே இருந்தாலும் சிஆர்பி இயல்பாக வரலாம், காய்ச்சலும் பெரிதாகத் தெரியாது. எந்த மருத்துவரிடம் போனாலும் ஊசியின் பெயரையும் கடைசியாகப் போட்ட தேதியையும் முதலில் சொல்லுங்கள்.