பூனை முக்க ஆரம்பித்ததும் மணியைப் பாருங்கள்

பாளையங்கோட்டையிலிருந்து எழுதியிருக்கும் சகோதரிக்கு,

நீண்ட கடிதத்தில் கடைசி வரிதான் உங்கள் கேள்வி: ‘முன்பு வளர்த்த பூனை, ஈனும்போது குட்டி சிக்கிச் செத்துப்போனது. இப்போது சினையாக இருக்கும் பூனைக்கும் அப்படி ஆகுமா?’ பெரும்பாலும் ஆகாது. பூனைகள் அநேகமாக யார் உதவியும் இல்லாமல் ஈன்றுவிடும். சிக்கல் வந்தால் அதை நீங்களே கண்டுகொள்ளலாம்.

வயிறு இறுகி, முதுகை வளைத்து முக்க ஆரம்பித்ததும் மணியைக் குறித்துக்கொள்ளுங்கள். விடாமல் பலமாக முக்கியும் 20, 30 நிமிடத்துக்குள் குட்டி வரவில்லையென்றால் அதற்கு மேல் வீட்டில் வைத்திருக்காமல் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள். குட்டியின் தலையோ காலோ தெரிந்து 10 நிமிடம் அப்படியே நின்றாலும் அதேதான். பிடித்து இழுக்க வேண்டாம். முதல் குட்டிக்கு முன்பே கரும்பச்சை நீர் கசிந்தால் முக்கலுக்கும் காத்திருக்க வேண்டாம். உள்ளே நச்சுக்கொடி பிரிந்து, குட்டிக்குப் பிராணவாயு போகாமல் இருக்கலாம். ‘விடியட்டும், பார்ப்போம்’ என்று இருந்துதான் பல பூனைகளை இழக்கிறோம்.

ஒரு குட்டி போட்டபின், முக்காமல், அதை நக்கிப் பால் கொடுத்துக்கொண்டு படுத்திருந்தால் அது ஓய்வு. அடுத்தது சில மணி நேரம் கழித்துக்கூட வரும்.

மற்றதெல்லாம் சாதாரணம். சாளை மீனை மோந்துவிட்டு நகர்வதும், அடுக்களைக்கும் மச்சுக்கும் அலைவதும் நாள் நெருங்கியதால். சினையாகி 65 நாள் ஆனது தாமதமே இல்லை. 63 முதல் 67 வரை வழக்கம்தான். அது படுக்கும் ஓலைப்பெட்டியில் பழைய நூல் சேலையை விரித்து, அது தேர்ந்த மூலையிலேயே விட்டுவிடுங்கள்.

பக்கத்து வீட்டு ஆச்சி சொன்ன விளக்கெண்ணெய் வேண்டவே வேண்டாம். வீடியோவில் பார்த்த, பிரசவ வலியை வரவழைக்கும் ‘வலி ஊசி’யை மருந்துக்கடையில் கேட்டீர்களாமே! குட்டி அடைத்திருக்கும்போது அதைப் போட்டால் கருப்பையே கிழிந்துவிடலாம். பரிசோதிக்காமல் எந்த மருத்துவரும் போட மாட்டார். வலிக்குப் பாராசிட்டமால் கொடுத்தால் பூனைக்கு அது விஷம். ஒரு மாத்திரையே கொல்லப் போதும்.

ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரியிலோ தெரிந்த மருத்துவரிடமோ, ராத்திரி அவசரத்துக்கு யார் இருப்பார்கள் என்று இன்றைக்கே விசாரியுங்கள். ஆட்டோவுக்கும் சொல்லி வையுங்கள். கிளம்ப நேர்ந்தால், அதுவரை பிறந்த குட்டிகளையும் துணியில் சுற்றி, கதகதப்பாகக் கூடவே கொண்டுபோங்கள்.