அரிசி மூட்டை ஏன் இல்லை?

கேள்வி: பஸ்ஸில் கூட்டம் என்றால் ‘புளிமூட்டை மாதிரி அடைத்துவிட்டான்’ என்கிறோம். அரிசி, பருப்பெல்லாம்கூட மூட்டையில்தான் வருகிறது. புளியை மட்டும் ஏன் இழுக்கிறோம்? அப்புறம், அடைப்பதும் திணிப்பதும் ஒன்றுதானா?
- வாசகி ஒருவர், திண்டிவனம்

பதில்: அரிசிச் சாக்கை இரண்டு குலுக்கு குலுக்கினால் மணிகள் இறங்கி உட்கார்ந்துகொள்ளும். அதற்கு மேல் ஒரு படி போட்டாலும் வழிந்துவிடும். புளி அப்படியில்லை. என் மாமாவுக்குக் கிருஷ்ணகிரிப் பக்கம் புளி வியாபாரம். மாசி, பங்குனியில் பள்ளிக்கூடம் விட்டதும் அங்கேதான் இருப்பேன். சாக்கு வாயைப் பிடித்துக்கொள்வது என் வேலை. கொட்டை எடுத்த புளியைக் கொட்டக் கொட்ட, ஒருவர் உள்ளே இறங்கி மிதிப்பார். நிறைந்துவிட்டது என்று நான் கையை எடுக்கப் போனால், “இன்னும் நாலு கிலோ வாங்கும்டா” என்பார் மாமா. வாங்கும்! சாயங்கால டவுன் பஸ்ஸில் கண்டக்டர், “உள்ள போ, நடுவுல எடம் கிடக்கு” என்பதும் அதே கணக்குதான். வியர்வைப் பிசுபிசுப்பையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அடைப்பதும் திணிப்பதும் ஒன்றில்லை. பாட்டிலில் எண்ணெய் அடைக்கலாம், பட்டியில் ஆட்டை அடைக்கலாம், பலவந்தம் கட்டாயமில்லை. திணிப்பதென்றால் போகிற பொருளோ வாங்குகிற இடமோ முரண்டு பிடிக்கிறது என்று பொருள். சாப்பிட மறுக்கும் குழந்தை வாயில் சோற்றைத் திணிக்கிறோம். ‘இந்தித் திணிப்பு’ என்றவர்கள் சொல்லைச் சரியாகத்தான் பொறுக்கினார்கள். ‘இந்தி அடைப்பு’ என்றிருந்தால் யார் தெருவுக்கு வந்திருப்பார்கள்?

ஆனால் பிறக்கும்போதே இது முரட்டுச் சொல் இல்லை. சேரமான் பெருஞ்சோற்று உதியஞ்சேரலாதனை முரஞ்சியூர் முடிநாகராயர் பாடிய புறநானூற்று 2ஆம் பாட்டு, ‘மண் திணிந்த நிலனும்’ என்று தொடங்குகிறது. அங்கே யாரும் யாரையும் தள்ளவில்லை; மண் தானாகவே செறிந்து கிடக்கிறது. திணிதல் தன்வினை, திணித்தல் பிறவினை. பேச்சில் முன்னதை விட்டுவிட்டோம், பின்னதை வைத்துக்கொண்டோம். எனக்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான்.

மற்றபடி, துப்பாக்கியில் மருந்தைக் கெட்டிப்போம், தலையில் பூவைச் செருகுவோம், பெட்டி மூடாவிட்டால் துணியை அமுக்குவோம்.

சாக்கு மிதித்த அந்த அண்ணன் பஸ்ஸில் ஏறினால் படிக்கட்டைத் தாண்டவே மாட்டார். கண்டக்டர் எவ்வளவு கத்தினாலும், “உள்ள வந்தா என்ன ஆகும்னு எனக்குத் தெரியும் சார்” என்பார்.