நாரி நோவுக்கு ஸ்டெம் செல் ஊசி: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: என் கணவருக்கு வயது 54. வெங்காயச் செய்கை. எட்டு வருடமாக நாரி நோ. எம்.ஆர்.ஐ. ஸ்கானில் எல்-4, எல்-5 முள்ளென்புகளுக்கு இடையிலுள்ள வட்டு தேய்ந்து பிதுங்கியிருப்பதாக எழுதியிருக்கிறார்கள். நோயாளிகளைச் சென்னைக்கு அழைத்துப்போகும் ஒரு முகவர், ஸ்டெம் செல் ஊசி போட்டால் வட்டு புதிதாக வளரும், சத்திரசிகிச்சை தேவையில்லை என்கிறார். ரொறொன்ரோவில் உள்ள மகன் காசு அனுப்பத் தயார். போகலாமா?
— வாசகி, உரும்பிராய்

பதில்: இப்போதைக்குக் காசு மகனிடமே இருக்கட்டும்.

முதலில் அந்த ஸ்கான் அறிக்கை. நாரி நோவே இல்லாதவர்களை ஸ்கான் செய்து பார்த்த ஆய்வுகளை 2015இல் தொகுத்துப் பார்த்தார்கள். 50 வயதுக்காரரில் நூற்றுக்கு 80 பேருக்கு வட்டுத் தேய்வும் 60 பேருக்குப் பிதுக்கமும் இருந்தன. நரை மயிரைப் போன்ற சங்கதி இது. ஆகவே படத்தில் தெரியும் வட்டுத்தான் உங்கள் கணவரின் நோவுக்குக் காரணம் என்று படத்தை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. காரணமே உறுதியாகாத இடத்தில் ஊசி ஏற்றுவது, எந்தக் குழாய் ஒழுகுகிறது என்று பாராமல் சுவரை உடைப்பது மாதிரி.

அடுத்தது, வட்டு புதிதாக வளரும் என்ற பேச்சு. ஸ்டெம் செல் என்பது பெருகி வேறு வகைக் கலங்களாக மாறக்கூடிய மூலக் கலம். முள்ளந்தண்டு வட்டின் உட்பகுதிக்கு இரத்தக்குழாய் கிடையாது. மேலும் கீழுமுள்ள எலும்புத் தகட்டின் வழியாகக் கசிந்து வருவதுதான் அதற்குச் சாப்பாடு. ஒட்சிசன் குறைவு, அமிலத்தன்மை கூட. தேய்ந்த வட்டில் இந்த நிலைமை இன்னும் மோசம். அங்கே ஏற்கனவே இருக்கும் கலங்களே பட்டினி கிடக்கும்போது, புதிதாகக் கொண்டுபோய் விடும் இலட்சக்கணக்கான கலங்கள் எப்படிப் பிழைக்கும்?

சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். அவுஸ்திரேலியாவின் மெசோபிளாஸ்ட் நிறுவனம் 404 நோயாளிகளில் 60 இலட்சம் கலங்களை ஒரே ஊசியாகப் போட்டு, உப்புநீர் ஊசியோடு ஒப்பிட்டது. 2021இல் வந்த முடிவில் முதன்மை இலக்கு எட்டப்படவில்லை. நோ தொடங்கி 68 மாதத்துக்குள் வந்தவர்களிடம் ஓரளவு பலன் தெரிந்தது என்று சொல்லி, அதைச் சரிபார்க்க நிறுவனம் மறுபடியும் ஆய்வில் இறங்கியது. உங்கள் கணவருக்கு எட்டு வருடம், அதாவது 96 மாதம். அந்தக் கூட்டத்திலும் அவர் இல்லை. ஐரோப்பாவில் 114 பேரில் 2 கோடி கலங்கள் போட்டு நடத்திய ஆய்வின் முடிவு 2024இல் வெளியானது. ஊசி போடுவதுபோலப் பாவனை மட்டும் செய்யப்பட்டவர்களிலும் ஏறத்தாழ அதேயளவு பேருக்குச் சுகம் வந்திருந்தது. “போட்டேன், சுகம்” என்று பக்கத்து வீட்டார் சொல்வது பொய்யாக இருக்க வேண்டியதில்லை. ஆனால் அந்தச் சுகம் கலங்களால் வந்தது என்பதற்கு அது சாட்சியும் ஆகாது.

சட்டமும் முகவருக்குச் சாதகமாக இல்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டலில் நாரி நோவுக்கான ஸ்டெம் செல் ஊசி வழமையான சிகிச்சையாக ஏற்கப்படவில்லை. பதிவுசெய்த ஆய்வாக மட்டுமே செய்யலாம். ஆய்வென்றால் சி.ரி.ஆர்.ஐ. எனப்படும் இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டின் பதிவு இலக்கம் இருக்கும், நோயாளியிடம் காசும் வாங்கக்கூடாது. முகவரிடம் அந்த இலக்கத்தைக் கேளுங்கள். பெரும்பாலும் பேச்சு அத்தோடு மாறிவிடும்.

கேள்வி: ஒரே நாளில், ஒரு மணித்தியாலத்தில் ஊசி முடிந்துவிடும் என்கிறார்கள். அதற்குள் ஸ்டெம் செல் எப்படித் தயாராகும்?
— வாசகர், அச்சுவேலி

பதில்: நல்ல கேள்வி. ஒரே பெயரில் நான்கு வெவ்வேறு சரக்கு விற்கிறார்கள்.

கையில் இரத்தம் எடுத்துச் சுழற்றிப் போட்டால் அது பி.ஆர்.பி., குருதிச் சிறுதட்டுக்கள். ஸ்டெம் செல் அல்ல. இடுப்பெலும்பின் பின்விளிம்பில் தடித்த ஊசி இறக்கி ஏறத்தாழ 60 மில்லிலீற்றர் என்பு மச்சை உறிஞ்சி, சுழற்றிச் செறிவாக்கிப் போட்டால் அது மச்சைச் செறிவு. அதிலுள்ள கருவுள்ள கலங்களில் ஸ்டெம் செல் பத்தாயிரத்துக்கு ஒன்றோ இலட்சத்துக்கு ஒன்றோதான். ஆய்வுகூடத்தில் வளர்த்துப் பெருக்கிய கலம் மூன்றாவது வகை. அதற்குச் சில வாரங்கள் வேண்டும், ஒரு மணித்தியாலக் கதைக்கே இடமில்லை. நான்காவது, குப்பியில் அடைத்து வரும் தொப்புள்கொடிச் சரக்கு. அதிகம் பயப்பட வேண்டியது இதற்குத்தான். 2018இல் அமெரிக்காவில் இப்படிப்பட்ட தொப்புள்கொடி இரத்தச் சரக்கைப் போட்டுக்கொண்ட 12 பேர் பக்டீரியாத் தொற்றோடு வைத்தியசாலையில் சேர்க்கப்பட்டார்கள். திறக்காத குப்பிகளுக்குள்ளேயே கிருமி இருந்தது.

ஊசி போடும் விதம் இது: நோயாளியைக் குப்புறப் படுக்கவைத்து, எக்ஸ்ரே திரையைப் பார்த்தபடி, முதுகின் பக்கவாட்டிலிருந்து சாய்வாக நீண்ட ஊசியை வட்டின் நடுவுக்குக் கொண்டுபோவார்கள். உள்ளே ஏற்றுவது 1 முதல் 3 மில்லிலீற்றர், அதற்கு மேல் வட்டு தாங்காது. திரையில்லாமல் கைநிதானத்தில் போடுகிறோம் என்றால் எழுந்து வந்துவிடுங்கள். கலங்களோடு லிடோகெய்ன் போன்ற விறைப்பு மருந்தையும் கலப்பார்களா என்று கேளுங்கள். ஆய்வுகூடத்தில் அது ஸ்டெம் செல்களைக் கொல்கிறது. ஸ்டீரொயிட் கலந்திருந்தால் முதல் சில வாரச் சுகத்துக்கு அதுவே காரணமாக இருக்கலாம்.

ஊசி குத்துவதும் சும்மா போகிற காரியமல்ல. சோதனைக்காக வட்டில் ஊசி குத்தப்பட்டவர்களை 10 ஆண்டு கழித்துப் பார்த்தபோது, குத்தாதவர்களைவிட அவர்களின் வட்டுக்கள் விரைவாகத் தேய்ந்திருந்தன. அது 2009இல் வந்த ஆய்வு.

கேள்வி: நாரிக்குப் பெல்ட் கட்டலாமா?
— வாசகர், நெல்லியடி

பதில்: நாட்பட்ட நோவுக்கு வேண்டாம். உலக சுகாதார நிறுவனத்தின் 2023 வழிகாட்டல் பெல்ட், இழுவைச் சிகிச்சை இரண்டையும் தவிர்க்கச் சொல்கிறது.

கேள்வி: ஊசி இல்லை, பெல்ட் இல்லை என்றால் தோட்டக்காரன் என்னதான் செய்வது?
— வாசகர், புன்னாலைக்கட்டுவன்

பதில்: விடியக்காலை வேலையை மாற்றி அடுக்குங்கள். இரவு படுத்திருக்கும்போது வட்டு நீரை உறிஞ்சி ஊதிக்கொள்ளும். எழும்பிய கையோடு குனிந்தால் அதன் மீதான அழுத்தம் மற்ற நேரத்தைவிடக் கூட. முதல் ஒரு மணித்தியாலம் நடந்து தண்ணீர் கட்டுங்கள், வரம்பைப் பாருங்கள். குந்தியிருந்து புல்லுப் பிடுங்குவது அதற்குப் பிறகு. வெங்காய மூட்டையை வயிற்றோடு அணைத்துத் தூக்குங்கள். தூக்கியபடி இடுப்பைத் திருப்பாமல் காலைத் திருப்புங்கள்.

ஒரு பயிற்சி. பாயில் நாலு காலில் நில்லுங்கள். வலக்கையை முன்னேயும் இடக்காலைப் பின்னேயும் நீட்டி 10 வரை எண்ணுங்கள், பிறகு மற்றப் பக்கம். ஒவ்வொரு பக்கமும் ஐந்து, அடுத்த சுற்றில் மூன்று, கடைசியில் ஒன்று. நாரியில் ஒரு செம்புத் தண்ணீர் வைத்திருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள், அது சிந்தக்கூடாது. பலர் செய்யும் பிழை, காலை முதுகுக்கு மேலாகத் தூக்குவது. அப்போது நாரி உள்ளே வளைந்து நோ கூடும். பயிற்சி ஒத்துவரவில்லை என்று விட்டுவிடுவார்கள்.

நடையும் மருந்துதான். நாரி நோவிலிருந்து தேறிய 701 பேரை வைத்து அவுஸ்திரேலியாவில் நடத்தி 2024இல் வெளியிட்ட ஆய்வில், படிப்படியாகக் கூட்டி வாரம் ஐந்து நாள், நாளுக்கு 30 நிமிடம் நடக்கப் பழக்கப்பட்டவர்களுக்கு நோ திரும்ப வர நடுக்கணக்கில் 208 நாள் எடுத்தது. மற்றவர்களுக்கு 112 நாள். நோ கூடும் நாட்களில் டைக்ளோஃபெனக் குளிசையைச் சாப்பாட்டுக்குப் பிறகு சில நாள் எடுக்கலாம். சிறுநீரக வருத்தம், வயிற்றுப்புண், இருதய வருத்தம் உள்ளவர்கள் வைத்தியரைக் கேளாமல் தொடவே வேண்டாம்.

கேள்வி: வெளிநாட்டில் வட்டுக்குள் ஊசி போட்டு மூன்று கிழமை. முதலில் சுகம். இப்போது இரவில் திரும்பிப் படுக்கவும் முடியவில்லை, இடைக்கிடை குளிர்க்காய்ச்சல். பனடோல் போடுகிறேன்.
— வாசகர், சாவகச்சேரி

பதில்: இதழ் வரும்வரை காத்திராமல் உங்கள் முகவரிக்கும் எழுதிவிட்டோம். மற்றவர்களும் தெரிந்துகொள்ளட்டும். இது வட்டுத் தொற்றாக இருக்கலாம். ஊசிக்குப் பின் ஒரு சில வாரங்களில், ஓய்விலும் குறையாத நோவாக அது தலைகாட்டும். இன்றைக்கே யாழ் போதனா வைத்தியசாலைக்குப் போங்கள். ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. என்ற அழற்சி காட்டும் இரத்தச் சோதனைகள், இரத்தத்தில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் இரத்த வளர்ப்புச் சோதனை, எம்.ஆர்.ஐ. தேவைப்படும். பார்மசியில் அன்டிபயோட்டிக் வாங்கி விழுங்கிவிட்டுப் போகாதீர்கள். இரத்த வளர்ப்பில் கிருமி பிடிபடாமல் போய்விடும், எந்த மருந்துக்கு அது அடங்கும் என்பதும் தெரியாது. சிறுநீர் அடைத்தாலோ, மலவாசலைச் சுற்றி விறைத்தாலோ, இரண்டு காலும் சோர்ந்தாலோ விடியும்வரை பார்த்திருக்காமல் 1990 அம்புலன்ஸ் இலக்கத்துக்கு எடுங்கள்.

ஊசி போட்ட இடத்தில் தந்த கடிதத்தையும், குப்பியின் பெயரும் தொகுதி இலக்கமும் எழுதிய தாளையும் கையோடு கொண்டுபோங்கள். தராவிட்டால் இன்றே தொலைபேசியில் கேட்டு வாங்குங்கள். அந்த இலக்கம் இருந்தால்தான் அதே குப்பித் தொகுதியிலிருந்து ஊசி போட்டுக்கொண்ட மற்றவர்களையும் தேடிப் பிடிக்கலாம்.