வரும் பணத்தை மட்டும் எழுதுங்கள்: உள்ளாட்சி நிதி கேள்வி-பதில்

கே: பொது நிர்வாகம் படிக்கிறேன். ஜனநாயகத்துக்குப் புதிதாக வந்த ஒரு நாடு, உள்ளாட்சிகளுக்கு பட்ஜெட் போடக் கற்றுத்தரும்படி உங்களை அழைத்தால் முதலில் என்ன செய்வீர்கள்?

ப: பட்ஜெட் புத்தகத்தைக் கேட்க மாட்டேன். அது எப்போதும் அழகாகவே இருக்கும், வரவும் செலவும் கடைசி இலக்கம் வரை பொருந்தியிருக்கும். நான் கேட்பது மூன்று தாள்கள். கடந்த மூன்று ஆண்டுகளில் வரும் என்று எழுதிய தொகையும் உண்மையில் வந்த தொகையும் பக்கத்தில் பக்கத்தில் போட்ட ஒரு தாள், வங்கியில் இன்றைய இருப்பு, அப்புறம் இன்னும் பணம் கொடுக்காத பில்களின் பட்டியல். மூன்றாவது தாள் பல இடங்களில் இருக்கவே இருக்காது. ஒரு சிறிய நகராட்சியில் அதைக் கேட்டபோது கணக்காளர் ஒன்றும் பேசாமல் மேஜையின் கீழ் இழுப்பறையைத் திறந்தார். நாடாவால் கட்டிய கட்டுகள். மேலே இருந்தது தெருவிளக்கு மின்கட்டணம், அதற்குக் கீழே இரண்டு வருடத்துக்கு முன்பே வேலை முடிந்துவிட்ட வடிகாலுக்கான பில். உட்கார்ந்து கூட்டி முடிக்க ஒன்றரை நாள் ஆனது. அந்தக் கூட்டுத்தொகை, மன்றம் நிறைவேற்றிய பட்ஜெட்டில் எந்தப் பக்கத்திலும் இல்லை.

இதைப் பார்த்ததும் எல்லோரும் திருட்டு என்றுதான் நினைப்பார்கள். நான் பார்த்தவரை, பெரும்பாலும் வரவைக் கூட்டி எழுதுவதில்தான் இது தொடங்குகிறது. உறுப்பினர் ஒவ்வொருவரும் தன் வார்டுக்கு ஒரு சாலை கேட்கிறார், யாரையும் இல்லை என்று சொல்ல மனம் வராது, பற்றாக்குறை காட்டவும் விதி இடம் கொடுக்காது, ஆகவே வரி வசூல் என்ற இடத்தில் எண்ணைக் கொஞ்சம் ஏற்றினால் எல்லாச் சாலையும் உள்ளே வந்துவிடும். சரி, 100 வரும் என்று எழுதி 60 வந்தால்? மீதி 40-ஐ யாரோ வெட்டித்தான் ஆக வேண்டும். அந்த முடிவை மன்றம் எடுப்பதில்லை, காசோலையில் கையெழுத்துப் போடும் அலுவலர் எடுக்கிறார். முதலில் சம்பளம் போகும், பிறகு தினமும் வந்து வாசலில் நிற்கும் ஒப்பந்ததாரரின் பில், கடைசியில் ஏதாவது மிஞ்சினால் குழாய் பழுதுபார்ப்பு. மக்கள் ஓட்டுப் போட்டு ஒரு மன்றத்தை அனுப்ப, எது நடக்கும் எது நடக்காது என்பதை ஓட்டே கேட்காத ஒருவர் தீர்மானிக்கிறார். எனக்கு இது வெறும் கணக்குப் பிழையாகத் தெரியவில்லை.

அதனால் என் முதல் ஆலோசனை இதுதான்: மூன்றாண்டு உண்மை வரவுக்கு மேல் ஓர் எண்ணை எழுதுகிறவர், ஏன் கூடும் என்ற காரணத்தையும் பக்கத்தில் எழுதிக் கையெழுத்துப் போடட்டும். கூடவே, வேலைகளை மன்றமே வரிசைப்படுத்தி வைக்கட்டும். பணம் குறைந்தால் கீழிருந்து நிறுத்துவது, அவ்வளவுதான்.

கே: வரவில் பெரும்பகுதி மேலிருந்து வரும் மானியம். அது எப்போது வரும் என்றே தெரியாது. இதில் நேர்மையாக எழுதி என்ன பயன்?

ப: நியாயமான கேள்வி. கென்யாவின் 2010 அரசியலமைப்பு, தேசிய வருவாயில் குறைந்தது 15 சதவீதம் கவுன்ட்டி (நம் மாவட்டம் போன்ற பிரிவு) அரசுகளுக்குப் போக வேண்டும் என்கிறது. மொத்தம் 47 கவுன்ட்டிகள். அரசியலமைப்பிலேயே சதவீதம் இருந்தும் தவணை தாமதமாகிறது என்ற புகார் ஓயவில்லை, ஒப்பந்ததாரர்களுக்குத் தர வேண்டிய பாக்கியும் அங்கே நெடுநாள் தலைவலி. எவ்வளவு என்பதோடு எந்தத் தேதிக்குள் என்பதையும் சட்டத்தில் எழுதச் சொல்லி அரசிடம் வற்புறுத்த வேண்டும். பங்கீட்டு முறையும் எளிதாக இருக்கட்டும். பொலிவியா 1994-ல் தேசிய வரி வருவாயில் 20 சதவீதத்தை மக்கள்தொகைப்படி நகராட்சிகளுக்குப் பிரித்தது. மக்கள்தொகை தெரிந்த யாரும் தன் ஊருக்கு எவ்வளவு வர வேண்டும் என்று தாளில் போட்டுப் பார்க்கலாம், யாரிடமும் போய் நிற்க வேண்டியதில்லை.

உள்ளாட்சி தன் பங்குக்கு, மாதவாரியாகப் பணம் வரும், போகும் கணக்கு ஒன்றை வைத்துக்கொள்ள வேண்டும். கைக்கு வராத தவணையை நம்பி வேலை ஆணை கொடுக்காதீர்கள். இழுப்பறை அப்படித்தான் நிரம்புகிறது.

கே: உள்ளாட்சி தானே வசூலிக்கும் வீட்டு வரி போன்றவற்றைக் கூட்டினால் மக்கள் கோபப்பட மாட்டார்களா?

ப: பெரும்பாலான ஊர்களில் விகிதத்தைக் கூட்டத் தேவையே இல்லை. வரிப் பட்டியலில் பாதி வீடுகள் இருக்காது, இருப்பவற்றின் மதிப்பும் எந்தக் காலத்திலோ போட்டதாக இருக்கும். சியரா லியோனின் தலைநகர் ஃப்ரீடவுன் 2020-ல் செயற்கைக்கோள் படங்களை வைத்துக் கட்டடங்களைக் கணக்கெடுத்தது. கூரை எப்படி, சாலை வசதி எப்படி என வெளியிலிருந்து தெரிகிற அம்சங்களுக்குப் புள்ளி கொடுத்து மதிப்புப் போட்டார்கள். பட்டியலில் வீடுகள் ஏறக்குறைய இரு மடங்காயின. ஒரே மாதிரியான இரண்டு வீட்டுக்கு இரண்டு விதமான வரி வரும்போதுதான் கோபம் வருகிறது, அதைத்தான் முதலில் சரிசெய்ய வேண்டும்.

கே: நல்ல கணக்கு மென்பொருள் வாங்கினால் பாதிப் பிரச்சினை தீருமா?

ப: தீராது. பொய் எண்ணை வேகமாக அச்சிடும். முதலில் பில் பதிவேடு, பிறகு மென்பொருள்.

கே: மக்களே உட்கார்ந்து பட்ஜெட் போடும் முறையைப் பற்றி நிறையப் படிக்கிறோம். உண்மையில் பலன் உண்டா?

ப: உண்டு, பணம் இருந்தால். பிரேசிலின் போர்ட்டோ அலெக்ரி 1989-ல் இதைத் தொடங்கியபோது வரவின் பெரும்பகுதி சம்பளத்துக்கே போய்க்கொண்டிருந்தது. கூட்டத்தில் மக்கள் தேர்ந்தெடுத்த வேலைகளைச் செய்ய முடியவில்லை, கூட்டமும் குறைந்தது. வரி வருவாயைச் சீர்செய்து பணிகள் நடக்க ஆரம்பித்த பிறகுதான் ஆட்கள் திரண்டார்கள். இந்த வரிசையை மறந்துவிட்டுக் கூட்டத்தை மட்டும் நகலெடுப்பவர்கள்தான் அதிகம், பார்க்க வேதனையாக இருக்கிறது.

கூட்டம் மட்டும் போதுமா என்பதும் தனிக் கேள்வி. இந்தோனேசியாவில் 600-க்கும் மேற்பட்ட கிராமங்களின் சாலைப் பணிகளில், ஓர் ஆய்வுக்காக, போட்டு முடித்த சாலையைப் பொறியாளர்கள் தோண்டி உள்ளே எவ்வளவு கல், மணல் இருக்கிறது என்று அளந்தார்கள். கட்டாயம் தணிக்கை வரும் என்று சொல்லப்பட்ட கிராமங்களில் காணாமல் போகும் பணம் 8 சதவீதப் புள்ளிகள் குறைந்தது. மக்களைக் கூட்டங்களுக்குக் கூடுதலாக அழைத்ததால் அந்த அளவு மாற்றம் வரவில்லை.

உகாண்டாவில் 1991 முதல் 1995 வரை, சம்பளம் நீங்கலாகப் பள்ளிகளுக்கு அரசு அனுப்பிய மானியத்தில் சராசரியாக 13 சதவீதமே பள்ளிக்குப் போய்ச் சேர்ந்தது. பிறகு ஒவ்வொரு மாவட்டத்துக்கும் அனுப்பிய தொகையைச் செய்தித்தாளில் போட்டார்கள், பள்ளியிலும் ஒட்டச் சொன்னார்கள். சில ஆண்டுகளில் 80 சதவீதத்துக்கு மேல் போய்ச் சேர்ந்தது. அதற்கு அறிவிப்பு மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன், ஆனாலும் ஒரு தாள் ஒட்டுவதற்கு என்ன பெரிய செலவு?

நான் சொன்ன நகராட்சியில் நாங்கள் முதலில் சுவரில் ஒட்டியது அந்த இழுப்பறைப் பட்டியலைத்தான், பில் வந்த தேதியோடு. மூன்றாம் நாள் வடிகால் வேலை செய்தவர் வந்து, தன் தொகை தவறாக இருக்கிறது என்றார். எடுத்துப் பார்த்தோம். அவர் சொன்னதே சரி, திருத்தி மறுபடி ஒட்டினோம்.