ராத்திரி ரோட்டில் நிற்கும் கார்: பார்க்கிங் லைட் போதுமா?

கேள்வி: கோவை சரவணம்பட்டிப் பக்கம் குடியிருக்கிறோம். வீட்டுக்குள் கார் விட இடமில்லை. ஆறு வருஷப் பழைய ஹேட்ச்பேக்கைத் தெருவில்தான் நிறுத்துகிறேன். தெருவிளக்கு பாதி நாள் எரிவதில்லை. ராத்திரி முழுக்க பார்க்கிங் லைட் எரியட்டும் என்கிறார் எதிர்வீட்டுக்காரர். பேட்டரி செத்துப்போகும் என்கிறார் மெக்கானிக். அடிக்கடி ராத்திரியில் சேலம் வழியாகச் சென்னை போகிறோம். வழியில் நிறுத்த நேர்ந்தால் பார்க்கிங் லைட் போட வேண்டுமா, ஹசார்டு (நான்கு இண்டிகேட்டரும் சேர்ந்து மின்னுவது) போட வேண்டுமா?

பதில்: எதிர்வீட்டுக்காரர் பக்கம் சட்டம் இருக்கிறது, மெக்கானிக் பக்கம் கணக்கு இருக்கிறது.

முதலில் சட்டம். 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 109-ஆவது விதி பார்க்கிங் லைட்டைப் பற்றியது. முன்பக்கம் இரண்டு புறமும் வெள்ளை அல்லது மஞ்சள், பின்பக்கம் இரண்டு புறமும் சிவப்பு இருக்க வேண்டும். வண்டி ரோட்டில் நின்றுகொண்டிருந்தாலும் அவை எரிய வேண்டும் என்கிறது. குடியிருப்புத் தெருவில் இதைக் கேட்டு யாரும் வந்து நிற்பதில்லை என்பது உங்களுக்கே தெரியும். ஆனால் விபத்து என்று வந்து வழக்கு நஷ்டஈட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போனால், "நின்ற வண்டியில் லைட் எரிந்ததா?" என்பது முதல் கேள்விகளில் ஒன்றாக இருக்கும். நடுரோட்டில் லைட் இல்லாமல் நின்ற டேங்கர் லாரி மீது கார் மோதிய ஒரு வழக்கில், காரோட்டி மீது பாதிப் பழியைப் போட்ட உயர் நீதிமன்றத் தீர்ப்பை 2018-இல் உச்ச நீதிமன்றம் மாற்றியது; முழுப் பொறுப்பும் லாரியை அப்படி நிறுத்தியவர் தலையில்தான் விழுந்தது.

இப்போது பேட்டரி. சாதாரண பல்பு உள்ள காரில் முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு, தலா 5 வாட். நம்பர் பிளேட் பல்பையும் டேஷ்போர்டு வெளிச்சத்தையும் சேர்த்தால் 30 வாட்டை நெருங்கும். 12 வோல்ட்டுக்கு அது சுமார் இரண்டரை ஆம்பியர். ராத்திரி பத்து மணிக்குப் போட்டு காலை ஆறு மணிக்கு அணைத்தால் 20 ஆம்பியர்-அவர் (ஆம்பியரை மணி நேரத்தால் பெருக்கிய அளவு) போய்விடும். சின்னக் கார்களில் பெரும்பாலும் 35 ஆம்பியர்-அவர் பேட்டரிதான். கணக்குப்படி மீதி இருக்கிறதே என்று தோன்றும். ஆனால் மூன்று வருஷம் ஓடிய பேட்டரி முழு 35-ஐத் தாங்காது. ஸ்டார்ட்டர் மோட்டாரோ சுழலும் அந்த நொடிக்கு நூறு ஆம்பியருக்கு மேல் கேட்கும். காலையில் சாவியைத் திருப்பினால் 'டிக் டிக்' சத்தம்தான் மிஞ்சும். தினமும் இப்படி அடிமட்டம் வரை இறக்கினால் பேட்டரியின் ஆயுளும் வெகுவாகக் குறைந்துவிடும். முன்னும் பின்னும் எல்.ஈ.டி. உள்ள வண்டி என்றால் மின்சாரம் மிகக் குறைவாகவே போகும். அப்படிப்பட்ட வண்டி வைத்திருப்பவர்கள் ஓரளவு தாராளமாக இருக்கலாம்.

ஐரோப்பியக் கார்களில் இதற்கு ஒரு நடுவழி வைத்திருக்கிறார்கள். ஃபோக்ஸ்வாகன், ஸ்கோடா, பி.எம்.டபிள்யூ. போன்றவற்றின் பல மாடல்களில் சாவியை ஆஃப் செய்தபின் இண்டிகேட்டர் தண்டை வலது பக்கம் தள்ளிவைத்தால், வலது புற முன் லைட்டும் பின் லைட்டும் மட்டும் எரியும். நம் ஊரில் இடது ஓரம் நிற்கும் காருக்கு ஆபத்து வலப்பக்கத்தில்தானே? பாதி மின்சாரத்தில் வேலை முடிந்துவிடும். உங்கள் வண்டியில் இருக்கிறதா என்று மேனுவலில் பாருங்கள். (இது தெரியாமல், "வண்டி ஆஃப், ஒரு பக்கம் மட்டும் லைட் எரியுது, ஷார்ட் சர்க்யூட்டா?" என்று பதறி வருகிறவர்களும் உண்டு.)

உங்கள் தெருவைப் பொறுத்தவரை லைட்டைவிட நிறுத்தும் விதத்துக்குத்தான் நான் அதிக மதிப்பெண் கொடுப்பேன். பிரிட்டனில் இதை அழகாக வரையறுத்திருக்கிறார்கள். 30 மைல், அதாவது சுமார் 48 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் அனுமதி உள்ள சாலையில் நிறுத்தினால் பார்க்கிங் லைட் கட்டாயம். அந்த வேகமோ அதற்குக் குறைவோ உள்ள சாலையில், தெருமுனையிலிருந்து குறைந்தது 10 மீட்டர் தள்ளி, ஓரத்தை ஒட்டி, போக்குவரத்து போகும் திசையைப் பார்த்து நின்றால் லைட் இல்லாமலே கார் நிற்கலாம்.

திசையைச் சும்மா சொல்லவில்லை. காரின் பின்புற பம்பரில் இரண்டு சிவப்பு ரிஃப்ளெக்டர் இருக்கும். முன்பக்கம் பொதுவாக எதுவும் கிடையாது. வீட்டு வாசல் வலப்பக்கம் இருக்கிறது என்று எதிர்த்திசையில் சொருகி நிறுத்தினால், வருகிற பைக்காரர் வெளிச்சத்துக்குத் திருப்பி மின்ன ஒன்றுமே இல்லாத முகத்தைக் காட்டி நிற்கும் வண்டி. கறுப்போ அடர்நீலமோ ஆனால் கேட்கவே வேண்டாம்.

அந்த ரிஃப்ளெக்டரை இன்று ராத்திரியே சோதித்துப் பாருங்கள். காருக்குப் பின்னால் இருபது அடி தள்ளி நின்று, செல்போன் டார்ச்சைக் கண்ணுக்குப் பக்கத்தில், கன்னத்தை ஒட்டிப் பிடியுங்கள். இரண்டும் பூனைக்கண் போலப் பளிச்சென்று மின்ன வேண்டும். டார்ச்சை இடுப்பில் பிடித்தால் மங்கலாகத்தான் தெரியும். வந்த வெளிச்சத்தை வந்த வழியே திருப்பி அனுப்புகிற பொருள் அது. ஒன்று மின்னவில்லையா? பெரும்பாலும் சேறுதான், ஈரத்துணி போதும். உள்ளே தண்ணீர் இறங்கி வெளுத்திருந்தால் மாற்றிவிடுங்கள், பெரிய செலவில்லை.

கூடவே பின் லைட்டையும் பாருங்கள். பழைய கார்கள் பலவற்றில் டெயில் லைட்டுக்கும் பிரேக் லைட்டுக்கும் ஒரே பல்பு. மெக்கானிக்குகள் 'டபுள் காண்டாக்ட்' என்பார்கள். உள்ளே 5 வாட்டுக்கு ஒரு இழை, 21 வாட்டுக்கு ஒரு இழை. ராத்திரிப் பயணம் முழுக்க எரிகிற சின்ன இழை முதலில் அறுந்துபோகும். பிரேக்கை மிதித்தால் லைட் வரும்; எல்லாம் சரி என்று நினைத்துவிடுவோம். பார்க்கிங் லைட்டைப் போட்டுவிட்டு இறங்கிப் போய்ப் பார்த்தால்தான் ஒரு பக்கம் இருட்டாக இருப்பது தெரியும்.

இனி ஹைவே. அங்கே கதை வேறு.

80 கிலோமீட்டர் வேகத்தில் வருகிற கார் ஒரு நொடியில் 22 மீட்டர் போகும். பார்த்து, புரிந்து, பிரேக்கில் கால் வைக்க ஒன்றரை நொடி. அதற்குள் 33 மீட்டர் போய்விடும். பிறகு வண்டி நிற்க இன்னொரு 40 மீட்டர். மொத்தம் 73 மீட்டர் ஆகிவிடும். டிம் லைட்டில் வெளிச்சமில்லாத ஒரு கறுப்பு உருவம் கண்ணில் படுவதோ 40, 50 மீட்டரில்தான். பார்க்கும்போதே நேரம் கடந்துவிட்டது. 'நின்றிருந்த லாரி மீது கார் மோதி' என்று வாரம் தவறாமல் படிக்கிற செய்தியில் பாதி இந்தக் கழித்தல் கணக்குதான். லோடு லாரிக்கு இன்னும் அதிக தூரம் வேண்டும்.

ஆகவே போன் பேசவோ, குழந்தைக்குப் பால் கொடுக்கவோ ஹைவே ஓரம் என்பதே கூடாது. அவிநாசி, பெருந்துறை, பவானி தாண்டிச் சேலம் வரை பெட்ரோல் பங்குக்கும் டீக்கடைக்கும் பஞ்சமில்லை. பத்து நிமிஷம் பொறுத்து உள்ளே திருப்புங்கள். நிற்கிற லாரிக்குப் பின்னால் மறைவாக இருக்கிறதே என்று ஒதுங்குவது எல்லாவற்றிலும் மோசம்.

பஞ்சர், எஞ்சின் கோளாறு என்று நின்றே ஆக வேண்டுமானால் ஹசார்டு. பார்க்கிங் லைட் மட்டும் எரிந்தால், பின்னால் வருகிறவர் கண்ணுக்கு அது ஓடுகிற காரின் டெயில் லைட் மாதிரியே இருக்கும். முன்னால் ஒரு வண்டி போகிறது என்று நம்பி, அதைப் பிடித்துக்கொண்டே வருவார். விட்டுவிட்டு எரிகிற மஞ்சள்தான் 'இது ஓடவில்லை' என்று சொல்லும். இரண்டையும் சேர்த்துப் போடுவது இன்னும் நல்லது. ஆனால் நான்கு 21 வாட் பல்பு மின்னுவதால் ஹசார்டு தனியாகவே சராசரி நான்கு ஆம்பியர் இழுக்கும். மூன்று, நான்கு மணி நேரத்துக்கு மேல் அதை நம்ப முடியாது.

நம்ப வேண்டியது டிக்கியில் ஸ்டெப்னி பக்கத்தில் பிரிக்காமலே கிடக்கும் சிவப்பு முக்கோணத்தை. அதற்கு பேட்டரி வேண்டாம். ரோட்டோர வெள்ளைக் கோட்டுக்கு இடப்புறம் முடிந்தவரை ஒதுக்கி நிறுத்துங்கள். எல்லோரும் இடப்பக்கக் கதவு வழியாக இறங்கி, தடுப்புக் கம்பி இருந்தால் அதற்கு அப்பால் போய் நிற்கட்டும். முக்கோணத்தை விரித்து, அதன் முகம் எதிரே வரும் வண்டிகளுக்குத் தெரியும்படி நெஞ்சுக்கு முன்னால் பிடித்துக்கொண்டு ரோட்டின் ஓரமாகவே கார் வந்த வழியே திரும்பி நடங்கள். நூறு மீட்டர், அதாவது நிதானமான நடையில் 140 காலடிகள். வளைவோ மேடோ குறுக்கிட்டால் அதற்கு முன்பே தெரிகிற இடத்தில் வையுங்கள். காரை ஒட்டிப் பத்தடியில் வைப்பதால் ஒரு பிரயோஜனமும் இல்லை. கல்லும் மரக்கிளையும் வேண்டவே வேண்டாம். வண்டி போன பிறகும் அவை ரோட்டிலேயே கிடந்து அடுத்த பைக்காரரைக் கவிழ்க்கும்.

இன்னும் இரண்டு விஷயம். சில கார்களில் பின் லைட்டுகளின் ஒரு பகுதி டிக்கிக் கதவிலேயே இருக்கும். கதவைத் தூக்கிவைத்து ஸ்டெப்னி எடுத்தால் லைட்டும் வானத்தைப் பார்க்கப் போய்விடும். எடுத்ததும் மூடுங்கள். அடுத்தது, முன்னால் எரியும் பகல் நேர லைட்டைப் பார்த்து எல்லா லைட்டும் எரிகிறது என்று நினைக்காதீர்கள். பல கார்களில் அப்போது பின்பக்கம் எதுவும் எரியாது. ஸ்விட்ச் 'ஆட்டோ'வில் இருந்தால் எஞ்சினை அணைத்ததும் எல்லாம் சேர்ந்து அணைந்துவிடும்.

தேசிய நெடுஞ்சாலையில் மாட்டிக்கொண்டால் 1033-ஐக் கூப்பிடுங்கள். கடைசியாகத் தாண்டிய கிலோமீட்டர் கல்லின் எண்ணைச் சொன்னால் ரோந்து வண்டி சீக்கிரம் வந்து சேரும்.